கொழும்புக்குப் புதிதாக வந்தவர்களுக்கு போஸ்ட்பெய்ட் இணைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஹட்டன் என்று எங்கெங்கோ இருந்து வேலைக்கோ படிப்புக்கோ வந்து வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ றூம் எடுத்துத் தங்குபவர்களும், வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்தவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. காலி வீதிப் பக்கம் ஒரு கொமினிகேஷன் கடையில் நிற்பதால் இதே பதில்களைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. எழுதிவைத்தால் இரண்டு பக்கமும் நேரம் மிச்சம். பக்கேஜ் விலைகளை வேண்டுமென்றே போடவில்லை. இன்றைக்கு எழுதினால் அடுத்த மாதம் அது பழைய விலையாகிவிடும்.

வங்கியில் கடன் எடுத்ததே இல்லை. கிரெடிட் ஹிஸ்டரி இல்லாத எனக்கு போஸ்ட்பெய்ட் தருவார்களா?

தருவார்கள். இந்தப் பயம் அநேகமாக லண்டனிலும் டொரொன்டோவிலும் இருக்கிற சொந்தக்காரர் சொல்லி வந்தது. அங்கே கொன்ட்ராக்ட் என்றால் பெரும்பாலும் ஃபோனும் அதோடு சேர்ந்தே வரும். விலை கூடிய ஃபோனைக் கையில் தந்துவிட்டு இரண்டு வருஷத்துக்கு மாதாமாதம் காசு வாங்குகிறார்கள். அது கடன்தான். ஆகவே கடன் வரலாற்றைத் தோண்டிப் பார்க்கிறார்கள். புதிதாகப் போய் இறங்கியவருக்கு அங்கே வரலாறே இருக்காது, அதனால் மறுக்கிறார்கள்.

கொழும்பில் போஸ்ட்பெய்ட் என்றால் பொதுவாக சிம் மட்டும்தான். ஃபோன் உங்களுடையது. ஒரு மாதம் பாவித்துவிட்டு அந்த மாதப் பில்லைக் கட்டுகிறீர்கள். கம்பனி உங்களை நம்பி விடுகிற தொகை ஒரு மாதப் பில், கூடினால் அதற்குச் சற்று மேலே. அதற்காக உங்கள் கடன் சரித்திரத்தைக் கிளற அவர்களுக்கு அவசியமில்லை. நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள் என்ற இரண்டு கேள்விக்குக் கடதாசியில் பதில் கிடைத்தால் போதும். கொழும்பில் புதியவரை மறிப்பது அந்த இரண்டாவது கேள்விதான்: விலாசம்.

'கிரிப்' பார்ப்பார்கள் என்று அலுவலகத்தில் பயமுறுத்துகிறார்களே?

கிரிப் என்பது இலங்கை கொடுகடன் தகவல் பணியகம். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தொடங்கியது. கொழும்பு 1, சேர் பாரன் ஜயதிலக மாவத்தையில் அதன் அலுவலகம் இருக்கிறது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் லீசிங் கம்பனிகளும் தாங்கள் கொடுத்த கடன்களின் விபரத்தை அங்கே அனுப்புகின்றன. புதிதாகக் கடன் கேட்டு வருபவரை அங்கே பார்த்துக்கொள்கின்றன.

'கிரிப்பில் பெயர் விழுந்துவிட்டது' என்று எங்கள் ஆட்கள் சொல்வதைக் கேட்டால் ஏதோ கறுப்புப் பட்டியல் மாதிரி இருக்கும். அப்படி இல்லை. ஒழுங்காகக் கட்டியவரின் விபரமும் அங்கேதான் இருக்கிறது. கடன் கொடுப்பதா இல்லையா என்று முடிவெடுப்பது வங்கி, பணியகம் இல்லை. உங்கள் அறிக்கையைக் கட்டணம் கட்டி நீங்களே எடுத்துப் பார்க்கவும் முடியும். கடன் எடுக்காத ஒருவருக்கு அதில் ஒன்றும் இருக்காது, அது குற்றமும் ஆகாது.

சிம் எடுக்கப் போகும்போது இதை மறந்துவிடுங்கள். ஃபோனைத் தவணைக்கு எடுக்கப் போகும்போது நினைவில் வையுங்கள். அதைப் பற்றிக் கீழே வருகிறது.

என்னென்ன கொண்டு போக வேண்டும்?

தேசிய அடையாள அட்டையின் மூலப் பிரதி. பழைய ஒன்பது இலக்க அட்டையும் சரி, 2016இலிருந்து வருகிற பன்னிரண்டு இலக்க அட்டையும் சரி. அப்புறம் விலாசத்தை உறுதிப்படுத்த ஒரு கடதாசி: மின்சாரப் பில், தண்ணீர்ப் பில், வங்கிக் கூற்று, வாடகை ஒப்பந்தம், இப்படி ஏதாவது. சில இடங்களில் வேலை செய்யும் இடத்திலிருந்து ஒரு கடிதமும் கேட்பார்கள். எல்லாவற்றிலும் ஒவ்வொரு போட்டோக்கொப்பி எடுத்துப் போங்கள்.

ஒரு விஷயம். வீதியோரக் குடையின் கீழ் நின்று சிம் விற்கிற பொடியனிடம் போஸ்ட்பெய்ட் எடுக்கப் போகாதீர்கள். அவரிடம் பிரீபெய்ட் எடுக்கலாம், பிரச்சினை இல்லை. போஸ்ட்பெய்டுக்குக் கம்பனியின் சொந்தக் கிளைக்கே போங்கள். விலாசத்தில் சிக்கல் வந்தால் அதைத் தீர்க்கும் அதிகாரம் உள்ள ஒருவர் அங்கே இருப்பார்.

நான் போடிங்கில், வாடகை றூமில் இருக்கிறேன். பில் எல்லாம் வீட்டுக்கார அன்ரியின் பெயரில். என்ன செய்வது?

கடையில் அதிகம் கேட்கப்படுவது இதுதான். வெள்ளவத்தையில் ஒரு மாடியில் ஆறு பேர் இருப்பார்கள், மின்சாரப் பில் காலமாகிவிட்ட தாத்தாவின் பெயரில் வந்துகொண்டிருக்கும். அனெக்ஸ் என்றால் மீற்றரே தனியாக இருக்காது.

வழிகள் இருக்கின்றன. எளிதானதிலிருந்து சொல்கிறேன்.

வங்கிக் கூற்று. சம்பளம் போடுவதற்காக இங்கே கணக்கு ஒன்று திறந்திருப்பீர்கள். அந்தக் கிளைக்குப் போய், கடிதம் அனுப்பும் விலாசத்தை இப்போது இருக்கும் விலாசத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். அடுத்த கூற்று அந்த விலாசத்தோடு வரும். வங்கி முத்திரையோடு கேட்டு வாங்குங்கள், ஃபோனில் எடுத்த ஸ்கிரீன்ஷொட்டைக் காட்டினால் கவுண்டரில் உதட்டைப் பிதுக்குவார்கள்.

வேலைத்தலக் கடிதம். கம்பனித் தலைப்புக் கடதாசியில், இன்னார் இங்கே வேலை செய்கிறார், இந்த விலாசத்தில் தங்கியிருக்கிறார் என்று மனிதவளப் பிரிவு தரும் இரண்டு வரி. சில அலுவலகங்கள் ஊழியர்களுக்கென்று கம்பனி இணைப்பே எடுத்து வைத்திருக்கும். முதலில் அதைக் கேட்டுப் பாருங்கள், மாதக் கட்டணம் குறைவாக இருக்கலாம். ஆனால் வேலையை விடும்போது அந்த எண்ணை உங்கள் பெயருக்கு மாற்றித் தருவார்களா என்பதையும் சேரும்போதே கேட்டுவிடுங்கள்.

வாடகை ஒப்பந்தம். பல வீட்டுக்காரர்கள் எழுதித் தர மாட்டார்கள். வரி, பொலிஸ், எதிர்காலத்தில் எழுப்ப முடியாமல் போய்விடுமோ என்ற பயம், எல்லாம் கலந்த காரணங்கள். அப்படியானால் ஒப்பந்தம் கேட்காமல், 'இவர் என் வீட்டில் தங்கியிருக்கிறார்' என்று ஒரு கடிதமும், அவர் பெயரிலுள்ள மின்சாரப் பில்லின் கொப்பியும் கேளுங்கள். அன்ரிமார் இதற்கு அவ்வளவு தயங்குவதில்லை. கிளையில் இதை ஏற்பார்களா என்று முதலில் கேட்டுவிட்டுக் கடிதம் எழுத வையுங்கள்.

கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ். ஜி.எஸ். என்று நாங்கள் சொல்வதும் இவரைத்தான். கொழும்பு ஜி.எஸ்.ஸிடம் போனால், வாக்காளர் இடாப்பில் உங்கள் பெயர் அவருடைய பிரிவில் இருக்கிறதா என்று பார்ப்பார். போடிங்கில் இருப்பவரின் பெயர் ஊரில்தான் இருக்கும். ஆகவே நேரே போய் நின்றால் அநேகமாகச் சரிவராது, வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போனால் வாய்ப்பு உண்டு. வெள்ளவத்தை திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்தின் கீழும், கொட்டாஞ்சேனை கொழும்பு பிரதேச செயலகத்தின் கீழும் வருகின்றன. தெஹிவளை வேறு. வீதிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில் ஜி.எஸ். பிரிவு மாறும், வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

அப்படியானால் ஊர் விலாசத்தையே கொடுத்துவிடலாமே?

கொடுக்கலாம். அடையாள அட்டையிலும் அதுதான் இருக்கும், வீட்டு மின்சாரப் பில்லில் அப்பாவின் பெயர் இருக்கும். பில் இப்போது குறுஞ்செய்தியிலும் மின்னஞ்சலிலும் வருவதால் கடிதம் எங்கே போகிறது என்பது பெரிய விஷயமில்லை. என் பார்வையில் போடிங் மாறி மாறி இருப்பவருக்கு இதுவே நிம்மதி. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: எப்போதாவது பில் பாக்கி விழுந்து நினைவூட்டல் கடிதம் போனால் அது நேரே அம்மாவின் கையில் போய்ச் சேரும்.

தோட்டத்து லயன் விலாசம். பில் எதுவும் எங்கள் பெயரில் இல்லை.

மலையகத்திலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு இது இரட்டைத் தலையிடி. லயன் வீடு தோட்ட நிர்வாகத்தின் பெயரில். பல லயன்களுக்கு வீட்டு இலக்கமே கிடையாது, ஒரே தோட்டப் பெயரில் நூறு குடும்பம். ஆகவே பில்லை நம்பி இருக்காமல் ஊர் கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடச் சான்றிதழ் எடுத்துப் பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்கி வாருங்கள். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊருக்குப் போகிறபோது வேலைநாள் ஒன்றையும் சேர்த்து லீவு போட்டால் இந்தக் காரியம் முடியும். விண்ணப்பத்தில் டிவிஷன் பெயரையும் தபாலகத்தின் பெயரையும் விடாமல் எழுதுங்கள். அடையாள அட்டையில் எப்படி இருக்கிறதோ அதே ஒழுங்கில் எழுதினால் கவுண்டரில் கேள்வி குறையும்.

பொலிஸ் பதிவு வேண்டுமா?

இதைக் கேட்பது பெரும்பாலும் அப்பாமார். யுத்த காலத்தில் கொழும்பில் தங்கிய தமிழர்கள் பொலிஸில் பதிந்த துண்டைச் சட்டைப் பையில் வைத்துத் திரிந்த ஞாபகம் அவர்களுக்கு. சிம் எடுக்க அது கேட்கப்படுவதில்லை.

பெயரின் எழுத்து ஒவ்வொரு கடதாசியிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது.

எங்கள் பெயர்களின் விதி அது. வங்கிப் புத்தகத்தில் ஆங்கில எழுத்து ஒன்று கூட, பாஸ்போர்ட்டில் ஒன்று குறைவு, ஒன்றில் அப்பாவின் பெயர் முழுதாக, இன்னொன்றில் வெறும் தலையெழுத்து. சிறிய வேறுபாட்டுக்கு அடையாள அட்டை இலக்கம் ஒன்றாக இருந்தால் போதும். பெயரே வேறு மாதிரித் தெரிந்தால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன்னால் ஒரு சத்தியக்கடதாசி முடித்து வையுங்கள். சிம்முக்கு மட்டுமில்லை, பல இடங்களில் அது உதவும்.

நண்பனின் பெயரில் எடுத்துப் பாவிக்கலாமா? காசு நான்தான் கட்டுவேன்.

வேண்டாம். இதில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன்.

இப்போது ஃபோன் எண் என்பது பேசுவதற்கு மட்டும் இல்லை. வங்கியின் ஓ.டி.பி. அதற்குத்தான் வருகிறது. ஃபோனிலேயே காசு அனுப்பும் ஈஸி கேஷ், எம்கேஷ் எல்லாம் அந்த எண்ணில்தான். சிம் தொலைந்தால் புதிய சிம் கொடுப்பது பதிவில் இருக்கும் பெயர்க்காரருக்கே. நண்பன் டுபாய்க்குப் போய்விட்டால் உங்கள் வங்கிக் கணக்குக்கான சாவி அவரோடு போய்விடுகிறது. வீட்டுக்கார அன்ரியின் பெயரில் எடுத்தால், வாடகைத் தகராறு வருகிற அன்றைக்கு உங்கள் எண்ணும் தகராறில் சேர்ந்துவிடும்.

மறுபக்கமும் உண்டு. உங்கள் எண்ணிலிருந்து ஏதாவது பிழையான அழைப்பு போனால், பில் கட்டாமல் விட்டால், தேடி வருவது நண்பனை. யாராவது உங்கள் அடையாள அட்டையைக் கேட்டாலும் இதே பதில்தான்: கேட்டவர் சித்தப்பா மகனாக இருந்தாலும் சரி. ஏற்கெனவே பதிந்த சிம் என்று ஒன்றைக் கையில் தருகிறார்களா, அதையும் தொடாதீர்கள்.

நீங்கள் இப்போது பாவிக்கும் சிம் யாருடைய அடையாள அட்டையில் இருக்கிறது என்று பார்க்க #132# அடியுங்கள். வேறு ஆளின் பெயரில் என்றால், அந்த ஆளையும் கூட்டிக்கொண்டு கிளைக்குப் போய்ப் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். அவர் ஊரில் இருக்கும்போதே செய்யுங்கள்.

வைப்புப் பணம் கேட்டார்கள். கட்டலாமா?

விலாசக் கடதாசி பலமாக இல்லாதபோதோ, வெளிநாட்டு அழைப்பும் ரோமிங்கும் வேண்டும் என்றாலோ டிபொசிட் கேட்பது வழக்கம். கட்டுவதில் தப்பில்லை, புதியவருக்கு அது ஒரு நேரான வழி. ரசீது வாங்குங்கள். ரசீதில் இது திருப்பித் தரப்படும் வைப்பா, முதல் பில்லுக்கான முற்பணமா என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இரண்டும் ஒன்றில்லை. இணைப்பை மூடும்போது கடைசிப் பில்லில் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார்கள் என்பதையும் அப்போதே வாயால் கேட்டு உறுதி செய்யுங்கள். அந்த ரசீதை ஒரு படம் எடுத்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். கடைக் கடதாசியில் அச்சான எழுத்து கொழும்பு வெக்கைக்கு ஒரு வருஷத்தில் அழிந்துபோகும்.

உண்மையைச் சொல்லுங்கள், பிரீபெய்ட் போதாதா?

பலருக்குப் போதும். மாதாந்த டேட்டா பக்கேஜைப் போட்டு, வட்ஸ்அப்பில் கதைத்து, வங்கிச் செயலியிலிருந்தே ரீலோட் பண்ணுபவருக்கு போஸ்ட்பெய்ட் எந்த அதிசயத்தையும் செய்யப்போவதில்லை. சம்பளம் பிந்துகிற வேலையில் இருப்பவருக்கு பிரீபெய்டுதான் பாதுகாப்பு: காசு இருந்தால் போடுவீர்கள், இல்லாவிட்டால் வீட்டு வைஃபையில் சமாளிப்பீர்கள், பாக்கி என்று ஒன்று ஏறாது.

போஸ்ட்பெய்ட் யாருக்குத் தேவை? அலுவலகம் பில்லைத் திருப்பித் தருவதால் பில்லே வேண்டும் என்பவருக்கு. நாள் முழுக்க வாடிக்கையாளருக்கு அழைப்பு எடுக்கிற விற்பனைப் பிரதிநிதிக்கு. அடிக்கடி சென்னைக்கோ டுபாய்க்கோ போய் ரோமிங்கில் இருப்பவருக்கு. தன் பெயரில் கொழும்பு விலாசத்தோடு ஒரு பில் வேண்டும், அதை வைத்து வேறு வேலை பார்க்கலாம் என்று நினைப்பவருக்கும்தான். அந்த யோசனையில் ஓரளவு நியாயம் இருக்கிறது, ஆனால் ஃபோன் பில்லை விலாச உறுதியாக எல்லா இடத்திலும் ஏற்பதில்லை.

அவசரப்பட வேண்டியதில்லை. முதலில் பிரீபெய்ட் எடுத்து, வேலை நிலைத்த பிறகு அதே எண்ணை போஸ்ட்பெய்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். எண் மாறாது. அந்தக் கம்பனியில் உங்கள் எண் கொஞ்சக் காலமாகவே ஓடிக்கொண்டிருப்பதும் கவுண்டரில் உங்களுக்குச் சாதகம்.

எந்த நெட்வேர்க்?

இப்போது மூன்றே தெரிவுதான்: டயலொக், எஸ்.எல்.டி. மொபிட்டல், ஹட்ச். எட்டிசலாட் 2018இல் ஹட்சோடு சேர்ந்தது, எயார்டெல் 2024இல் டயலொக்கோடு சேர்ந்தது. அதனால் 072 எண்ணைப் பார்த்து எட்டிசலாட் என்றோ 075ஐப் பார்த்து எயார்டெல் என்றோ தேடிப் போக வேண்டாம்.

கொழும்பில் கவரேஜ் பற்றிய விளம்பரம் பெரிதில்லை, உங்கள் றூமில் எது எடுக்கிறது என்பதுதான் கேள்வி. காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில், நெருக்கமான மாடிகளுக்கு நடுவில், கீழ் மாடி பின் றூமில் ஒரு சிம் எடுக்கும் மற்றது எடுக்காது. போடிங்கில் ஏற்கெனவே இருப்பவரின் ஃபோனை இரவு எட்டு மணிக்கு வாங்கிப் பாருங்கள். ஊரில் எது எடுக்கும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

என் அடையாள அட்டை தொலைந்துவிட்டது.

பொலிஸில் முறைப்பாடு பதிந்து அந்தப் பிரதியை எடுங்கள், பிறகு கிராம உத்தியோகத்தர் மூலம் ஆட்பதிவுத் திணைக்களத்துக்கு விண்ணப்பியுங்கள். பத்தரமுல்லையில் ஒருநாள் சேவை இருக்கிறது. அதுவரைக்கும் செல்லுபடியான பாஸ்போர்ட்டோ சாரதி அனுமதிப்பத்திரமோ இருந்தால் அதைக் காட்டி பிரீபெய்ட் எடுக்கப் பாருங்கள். போஸ்ட்பெய்டுக்கு அட்டை வரும்வரை பொறுத்திருப்பது நல்லது.

கனடா பாஸ்போர்ட்டில் வந்திருக்கிறேன். இங்கேயே இருந்துவிடலாம் என்று யோசனை.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வெளியே வரும் இடத்திலேயே பாஸ்போர்ட்டைக் காட்டி சிம் எடுக்கலாம். அவை பயணிகளுக்கானவை, குறுகிய காலத்துக்கு. போஸ்ட்பெய்ட் கேட்டால் சுற்றுலா விசாவை வைத்துக்கொண்டு சரிவராது. வதிவிட விசாவும் வைப்புப் பணமும் இருந்தால் பேசலாம். இரட்டைக் குடியுரிமை எடுத்து அடையாள அட்டையும் வைத்திருந்தால் மற்ற எல்லாரையும் போலத்தான். ரொறொன்டோவில் உங்களுக்கு இருக்கிற அருமையான கிரெடிட் ஸ்கோர் இங்கே ஒருவர் கண்ணிலும் படாது. அங்கே கடனோடு வந்திருந்தாலும் சிம் கவுண்டரில் தெரியப்போவதில்லை.

தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களுக்கு முதலில் பிறப்புச் சான்றிதழ், பிரஜாவுரிமை, அடையாள அட்டை என்ற வரிசை முடிய வேண்டும். அதுவரை குடும்பத்தில் அட்டை உள்ள ஒருவர் பெயரில் பிரீபெய்ட் எடுப்பதைத் தவிர வழியில்லை. நண்பன் விஷயத்தில் நான் சொன்னதற்கு இது ஒரு விலக்கு. அட்டை கைக்கு வந்ததும் பெயரை மாற்றிவிடுங்கள்.

விளம்பரத்தில் சொன்ன தொகை ஒன்று, பில்லில் வந்தது ஒன்று. ஏமாற்றுகிறார்களா?

அநேகமாக வரி. விளம்பரத்தில் மூலையில் 'வரிகள் நீங்கலாக' என்று சிறிய எழுத்தில் இருக்கும். வற் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். பேசும் கட்டணத்துக்குத் தொலைத்தொடர்பு வரியும் சேரும், அதை 2022இல் 15 வீதமாக உயர்த்தினார்கள். அதே வருஷம் செப்டெம்பரில் மொபைல் கட்டணங்களையும் 20 வீதம் கூட்டினார்கள். ஆகவே கவுண்டரில் 'வரியோடு மாதம் எவ்வளவு வரும்' என்று மட்டும் கேளுங்கள். வேறெந்தக் கேள்வியும் இதற்கு ஈடில்லை.

வரிக்கு மேலேயும் கூடியிருந்தால் மூன்று இடத்தைப் பாருங்கள்: முதல் பில்லில் சேர்ந்த இணைப்புக் கட்டணம், பக்கேஜ் முடிந்த பிறகு ஓடிய டேட்டா, நீங்கள் அறியாமலே ஆன் ஆகியிருக்கும் ஜோதிடம், பாட்டு மாதிரியான சேவைகள். கடைசியில் சொன்னது உங்கள் கணக்கில் ஓடுகிறதா என்று கேட்டு நிறுத்தச் சொல்லலாம்.

ஒவ்வொரு போஸ்ட்பெய்ட் கணக்குக்கும் ஒரு கடன் எல்லை இருக்கும். புதியவருக்கு அது சிறியது. எல்லையைத் தொட்டால் மாதம் முடியும் முன்பே அழைப்பு வெளியே போகாது. பழுது என்று ஃபோனைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வருபவர்களில் பாதிப் பேருக்கு விஷயம் இதுதான். கொஞ்சம் காசு கட்டினால் திரும்ப ஓடும். சில மாதம் ஒழுங்காகக் கட்டிய பிறகு எல்லையைக் கூட்டச் சொல்லலாம்.

சிம் சரி. ஃபோன் வாங்கக் காசு இல்லை. தவணைக்கு எப்படி?

கிரிப்பும் கடன் வரலாறும் உண்மையில் தலைகாட்டும் இடம் இதுதான். 2022இல் ஒரு டொலர் 200 ரூபாய் அளவிலிருந்து இரண்டு மூன்று மாதத்துக்குள் 350ஐத் தாண்டியது. அதற்குப் பிறகு நல்ல ஃபோன் ஒன்றை மொத்தக் காசு கொடுத்து வாங்குவது சாதாரண சம்பளக்காரருக்கு எட்டாத காரியமாகிவிட்டது. மஜெஸ்டிக் சிட்டி, லிபர்ட்டி பிளாசா, புறக்கோட்டை, எங்கே போனாலும் 'தவணைக்கும் தருகிறோம்' என்ற அட்டை தொங்குகிறது.

வங்கிக் கடனட்டையில் வட்டியில்லாத் தவணை என்பது மலிவானது, அட்டை இருந்தால். புதியவருக்கு அட்டை கிடைப்பது கஷ்டம். சம்பளக் கணக்கு உள்ள வங்கியில் சில மாதம் கழித்துக் கேளுங்கள். அல்லது ஒரு சிறிய நிலையான வைப்பைப் போட்டு அதன் பேரில் அட்டை கேளுங்கள். வைப்பு பிணையாக நிற்பதால் கடன் வரலாறு இல்லாதவருக்கும் பல வங்கிகள் இப்படித் தருகின்றன. அந்த அட்டையை ஒழுங்காகக் கட்டிவந்தால் வரலாறும் தானாக எழுதப்படும். இந்த முழுப் பக்கத்திலும் எனக்குப் பிடித்த வழி இதுதான்.

'வட்டியில்லை' என்ற அட்டையைப் பார்த்ததும் கடைக்காரரிடம் கேட்க வேண்டியது: காசுக்கு என்ன விலை, தவணைக்கு என்ன விலை? இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் அந்த வித்தியாசம்தான் வட்டி. அதற்கு மேல் வங்கி ஏதாவது சேவைக் கட்டணம் எடுக்கிறதா என்றும் பாருங்கள்.

இப்போது வாங்கிப் பிறகு கட்டும் செயலிகளான கோகோ, மின்ட்பே போன்றவை விலையை மூன்றாகப் பிரிக்கின்றன. முதல் பங்கை அப்போதே கட்ட வேண்டும். புதியவருக்கு எல்லை சிறியதாக இருக்கும் என்பதால் விலை கூடிய ஃபோனுக்குப் போதாது. சாதாரண ஃபோனுக்கு, அடுத்த இரண்டு மாதச் சம்பளத்தில் கட்டிவிடலாம் என்ற உறுதி இருந்தால், மோசமில்லை. தவணை பிந்தினால் தண்டம் உண்டு.

நிதி நிறுவனத் தவணை என்று கடையிலேயே ஒரு மேசை போட்டு இருப்பார்கள். கையொப்பம் வைக்கும் முன் அந்த நிறுவனம் மத்திய வங்கியின் அனுமதி பெற்றதா என்று பாருங்கள், பட்டியல் மத்திய வங்கியின் இணையத்தளத்தில் இருக்கிறது. மொத்தமாக எவ்வளவு கட்டி முடிப்பீர்கள் என்பதை எழுதிக் கேளுங்கள். மாதத் தவணையை மட்டும் சொல்லி மொத்தத்தைச் சொல்லாமல் நழுவினால் எழுந்து வந்துவிடுங்கள்.

எங்கள் ஆட்களுக்கு இன்னொரு வழி தெரியும்: சீட்டு. அலுவலகத்தில் நம்பிக்கையானவர்கள் பத்துப் பேர் சேர்ந்து பிடித்தால் வட்டியும் இல்லை, கிரிப்பும் இல்லை. ஆட்களைத் தெரியாத இடத்தில் மட்டும் சேராதீர்கள்.

அறை நண்பனின் தவணைக்குப் பிணை நிற்கச் சொல்கிறான்.

பிணை நின்றால் அந்தக் கடன் உங்கள் கிரிப் அறிக்கையிலும் பிணையாளர் என்ற முறையில் தெரியும். அவன் கட்டாமல் விட்டால் கடிதம் உங்களுக்கும் வரும். பின்னாளில் நீங்கள் ஒரு மோட்டார் சைக்கிள் லீசிங்குக்குப் போகும்போது அந்த ஃபோன் கதை முன்னால் வந்து நிற்கும். அவன் கட்டாவிட்டால் நீங்கள் கட்டத் தயாரா என்று யோசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

வெளிநாட்டிலிருந்து அண்ணா ஃபோன் அனுப்பியிருக்கிறார். அதில் இந்த சிம் ஓடுமா?

இரண்டு சிக்கல் வரலாம். ஒன்று, அங்கே கொன்ட்ராக்டில் எடுத்த ஃபோன் அந்தக் கம்பனிக்கு லொக் ஆகியிருக்கலாம். அண்ணாவையே அங்கே கதைத்துத் திறக்கச் சொல்லுங்கள். இங்கே கடையில் திறக்கக் காசு கொடுப்பது கடைசி வழி. இரண்டு, பதிவு. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு 2025 ஜனவரி 28இலிருந்து பதியப்படாத புதிய ஃபோன்களுக்கு இணைப்புக் கிடையாது என்று அறிவித்தது. அதற்கு முன்பே இங்கே பாவனையில் இருந்த ஃபோன்களுக்கு இது பொருந்தாது.

கடையில் வாங்கும் ஃபோனுக்கும் இதைப் பாருங்கள், செக்கண்ட் ஹேண்ட் என்றால் கட்டாயம். *#06# அடித்தால் 15 இலக்க எண் ஒன்று வரும். ஐ.எம்.இ.ஐ என்ற நான்கு ஆங்கில எழுத்தை அடித்து, ஒரு இடைவெளி விட்டு, அந்த எண்ணைப் போட்டு 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். பதிந்த ஃபோன்தான் என்று பதில் வந்த பிறகு காசை எடுங்கள்.

பில் கட்டாமல் ஊருக்கு வந்துவிட்டேன். என்ன நடக்கும்?

முதலில் வெளியே போகும் அழைப்பு நிற்கும், பிறகு உள்ளே வருவதும் நிற்கும், கடைசியில் எண் போய்விடும். பாக்கி போகாது. வக்கீல் கடிதம் வரலாம். பிறகு அதே கம்பனியில் உங்கள் அடையாள அட்டைக்கு போஸ்ட்பெய்ட் கேட்டால் பழைய பாக்கியைத்தான் முதலில் காட்டுவார்கள். சிம்மைக் கழற்றி எறிந்தால் இணைப்பு மூடப்படாது, மாத வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். கிளைக்குப் போய்ப் பாக்கியைக் கட்டி, மூடச் சொல்லி எழுதிக் கொடுத்து, மூடியதற்கு ஒரு கடதாசி வாங்குங்கள். மொத்தமாகக் கட்ட முடியாவிட்டால் பிரித்துக் கட்டலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

கவுண்டரில் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும்தான் கதைக்கிறார்கள். பிரச்சினை வந்தால் யாரிடம் போவது?

விண்ணப்பப் படிவத்தைத் தமிழில் கேளுங்கள், கேட்டால் எடுத்துத் தருவார்கள். கேட்காதவருக்கு ஆங்கிலப் படிவமே வரும். வாடிக்கையாளர் சேவை இலக்கத்துக்கு எடுத்தால் தமிழுக்கு ஒரு தெரிவு இருக்கும். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைக் கிளைகளில் தமிழ் பேசும் ஒருவராவது அநேகமாக இருப்பார். அவர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகும் நேரத்தைத் தவிர்த்துப் போனால் சரி.

முறைப்பாட்டை முதலில் கம்பனியிலேயே பதிந்து அதன் இலக்கத்தை எழுதி வாங்குங்கள். தீராவிட்டால் கொழும்பு 8, எல்விட்டிகல மாவத்தையில் இருக்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்குப் போகலாம், எழுதியும் அனுப்பலாம். தவணைக் கடன் பற்றிய முறைப்பாடு என்றால் மத்திய வங்கியின் 1935, கடைக்காரர் ஏமாற்றினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977. எந்த இலக்கத்துக்கு எடுத்தாலும் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு எடுங்கள், முதல் கேள்வியே அதில் இருக்கும் திகதிதான்.